கல்லூரிகளின் கரோனா கணக்கு: நஷ்டம் யார் தலையில் இறங்கியது?

புதுதில்லி: கரோனா பெருந்தொற்றால் தாங்க முடியாத நஷ்டத்துக்கு உள்ளானோம் என்று தனியார் கல்லூரி நிர்வாகங்கள் கூறுகின்றன. வகுப்பறையைத் திறக்காமலேயே முழுக் கட்டணத்தையும் கேட்டனர் என்று பெற்றோர் கூறுகின்றனர். பாதிச் சம்பளத்தில் இணையவழிப் பாடம் நடத்தினோம் என்கின்றனர் ஆசிரியர்கள். ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இம்மூன்று கூற்றுகளும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியுமா என்றால், முடியும் என்பதே விடை. அது எப்படி என்பதைப் பெங்களூரின் கிழக்கு விளிம்பில் உள்ள வைட்ஃபீல்டை வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

மைசூர் மன்னர் பத்தாம் சாமராஜேந்திர உடையார் அளித்த நிலத்தில், டி.எஸ். ஒயிட் என்பவரின் முயற்சியால் 1882-ல் ஆங்கிலோ-இந்தியர்களுக்கென உருவான சிற்றூர் இது. 1990-களில் சர்வதேச தொழில்நுட்பப் பூங்கா வந்தபின் அதன் முகமே மாறியது. 1982-ல் தொடங்கப்பட்ட எம்.வி.ஜே. பொறியியல் கல்லூரி, 2000-ல் தொடங்கப்பட்ட சி.எம்.ஆர். தொழில்நுட்பக் கல்லூரி, வைதேகி மருத்துவக் கல்லூரி எனப் பல நிறுவனங்கள் இப்பகுதியிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ளன. கட்டணமே வாங்காத சத்ய சாயி உயர்கல்வி நிறுவனத்தின் பிருந்தாவன் வளாகமும் அருகே காடுகோடியில் இருக்கிறது. (இவற்றில் எந்தவொரு நிறுவனத்தின் வரவு செலவையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. இத்தகைய கல்லூரிகள் இயங்கும் பொருளாதாரச் சூழலே இங்கு பேசப்படுகிறது.)

தமிழ் வாசகர்களுக்கு இந்த ஊர் அந்நியமானதல்ல. சென்னை - பெங்களூர் ரயில் பாதையில் உள்ள வைட்ஃபீல்ட் நிலையம், கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு அன்றாடம் ரயிலேறும் தமிழ்க் குடும்பங்களின் வழித்தடத்தில் உள்ளது. 2001 பிப்ரவரியில் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு அக்குடும்பங்கள் வேலைக்கும் படிப்புக்கும் நம்பியது அந்த ரயிலைத்தான். 2020 மார்ச் இறுதியில் நாடெங்கும் பயணிகள் ரயில்கள் நிறுத்தப்பட்டபோது அந்த வழித்தடத்திலும் மாதக்கணக்கில் ரயில் ஓடவில்லை. வீட்டில் சம்பாதிப்பவரின் வேலையும் பிள்ளையின் கல்லூரியும் ஒரே மாதத்தில் நின்றுபோயின.

மாணவர் எண்ணிக்கை குறைந்ததா?

நஷ்டம் என்றதும் மாணவர்கள் வரவில்லை என்றே பலரும் எண்ணுவர். மத்திய கல்வி அமைச்சகத்தின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. 2019-20-ல் சுமார் 3.85 கோடியாக இருந்த உயர்கல்வி மாணவர் சேர்க்கை, பெருந்தொற்று ஆண்டான 2020-21-ல் சுமார் 4.14 கோடியாக உயர்ந்தது. இந்தியாவிலேயே மிக அதிகமாக 1,058 கல்லூரிகள் உள்ள மாவட்டம் பெங்களூர் நகர்ப்புறம் என்றும் அதே ஆய்வு கூறுகிறது. நாட்டிலுள்ள கல்லூரிகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தனியாருடையவை. கல்லூரி மாணவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அவற்றில்தான் படிக்கின்றனர்.

ஆக, நாடு தழுவிய அளவில் பெயர்ப்பட்டியல் சுருங்கவில்லை. பணம் வரும் காலம்தான் தடுமாறியது. தனியார் கல்லூரி என்பது ஆண்டுக்கு ஒருமுறை அறுவடை செய்யும் நிலம் போன்றது. மே முதல் ஆகஸ்ட் வரை வந்து சேரும் கட்டணத்தை வைத்துக்கொண்டுதான் அடுத்த மே வரை சம்பளமும் வட்டியும் கட்ட வேண்டும். கர்நாடகத்தில் 2020 மார்ச் நடுவில் கல்லூரிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு பொது நுழைவுத் தேர்வு ஜூலை 30, 31 தேதிகளில் நடந்தது. தொழில்நுட்பக் கல்வி கவுன்சிலின் நாட்காட்டியில் முதலாண்டு வகுப்புகள் டிசம்பர் வரை தள்ளிப்போயின. பட்டப்படிப்பு, பொறியியல் கல்லூரிகள் நவம்பர் 17-ல் மீண்டும் திறக்கப்பட்டன. 2021 ஏப்ரலில் இரண்டாம் அலை வந்து, மறுபடி மூடி, ஜூலை 26-ல்தான் திறந்தன. விடுதி, பேருந்து வருவாய் முற்றிலும் நின்றது. மாணவர் வேறு இடம் தேடிப் போனால் 2020 நவம்பர் 30 வரை கட்டணத்தை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டது. மாணவர் நோக்கில் அது நியாயமான உத்தரவே. ஆனால் கையில் இருக்கும் பணத்தைக்கூடத் தமதென்று கருத முடியாத நிலைக்கு அது நிர்வாகங்களைத் தள்ளியது.

ஓர் உத்தேசக் கணக்கைப் பார்ப்போம். 1,500 மாணவர்கள், சராசரிக் கட்டணம் ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டு வருவாய் 15 கோடி. சம்பளம் 8 கோடி, கட்டடக் கடனுக்கான தவணை 3 கோடி, மின்சாரம், பராமரிப்பு, பல்கலைக்கழகக் கட்டணங்கள் 2 கோடி என்று போனால் மிச்சம் 2 கோடி. கட்டணத்தில் 15 சதவீதம் வசூலாகவில்லை என்றால் போவது 2.25 கோடி, உபரி முழுவதும் கரைந்துவிடும். 30 சதவீதம் நின்றால் சுமார் இரண்டரைக் கோடி பற்றாக்குறை. பேருந்துக்கு டீசல் இல்லை, மின்கட்டணம் குறைந்தது என்பதெல்லாம் உண்மைதான். அந்தச் சேமிப்பு சில லட்சங்களில் முடிந்துவிடக்கூடியது. வங்கி காத்திருக்காது, பல்கலைக்கழகம் காத்திருக்காது. இப்பட்டியலில் வளைத்துச் சுருக்கக்கூடிய இனம் ஒன்றே ஒன்றுதான்: சம்பளம். எனவே மாணவர் எண்ணிக்கை குறையாத ஆண்டிலும் ஆசிரியரின் சம்பளம் குறைந்தது. கட்டணத்துக்காகப் பெற்றோரை நெருக்கியதும் இதே கணக்கின் மறுபக்கம்தான்.

தில்லி பிறப்பித்த உத்தரவுகள்

ஊரடங்கு தொடங்கிய மூன்றே வாரங்களில், 2020 ஏப்ரல் 15-ல், தொழில்நுட்பக் கல்வி கவுன்சில் எல்லாக் கல்லூரிகளுக்கும் கடிதம் எழுதியது. ஊரடங்கு நீங்கும்வரை கட்டணம் கேட்டு வற்புறுத்தக் கூடாது. ஆசிரியர்களின் சம்பளத்தை நிறுத்தக் கூடாது. பணிநீக்கம் செய்திருந்தால் அதைத் திரும்பப் பெற வேண்டும் என்பன அதன் சாரம். மூன்று கட்டளைகளும் நல்லவை. ஆனால் வரவைத் தடுத்து, செலவைக் கட்டாயமாக்கிய அக்கடிதம், இடையிலுள்ள பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்று ஒரு வார்த்தையும் கூறவில்லை. தொழிலாளர்களுக்கு முழு ஊதியம் தர வேண்டும் என்று 2020 மார்ச் 29-ல் மத்திய உள்துறை அமைச்சகம் பிறப்பித்த உத்தரவும் இரண்டு மாதம்கூட நீடிக்கவில்லை. அது விலக்கிக்கொள்ளப்பட்ட பிறகு, முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று உச்ச நீதிமன்றம் ஜூன் 12-ல் கூறிவிட்டது.

நிதி உதவி என்று வந்தவை கடன் தொடர்பானவை மட்டுமே. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணைக்கு அவகாசம் அளித்தது. அவகாசம் தவணைக்குத்தான், வட்டிக்கு அன்று. வட்டிமேல் வட்டி மட்டும் பின்னர் தள்ளுபடியானது. அவசரக் கடன் உத்தரவாதத் திட்டமோ ஏற்கெனவே வங்கியில் கடன் நிலுவை வைத்திருப்போருக்கு, அந்த நிலுவையில் 20 சதவீதம் என்று வகுக்கப்பட்டது. கடன் வாங்காமல் சிக்கனமாக நடத்தப்பட்ட சிறு கல்லூரிக்கு அதில் இடமில்லை! 2021 மார்ச்சில் அத்திட்டம் விரிவாக்கப்பட்டு ஹோட்டல், சுற்றுலா, பொழுதுபோக்குத் துறைகளுக்கு 40 சதவீதம் வரை அளிக்கப்பட்டபோதும் கல்வி அதில் பெயர் பெறவில்லை. கடன் சீரமைப்புக்காக ரிசர்வ் வங்கி அமைத்த கே.வி. காமத் குழு 26 துறைகளுக்கு அளவுகோல் வகுத்தது. சர்க்கரை ஆலை உண்டு, கப்பல் துறை உண்டு, கார் விற்பனையகம் உண்டு. கல்லூரி இல்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கல்லூரி நிர்வாகங்கள் வெளிப்படையாகப் பேசுவதில்லை. சட்டத்தின் முன் தனியார் கல்லூரி ஓர் அறக்கட்டளை. லாபம் ஈட்டுவது அதன் நோக்கமன்று. லாபமே இல்லாத தொழிலுக்கு நஷ்ட ஈடு கேட்பது எங்ஙனம்? நிர்வாகங்கள் தொழில்துறைக்கான சலுகையைக் கோரினால், அப்படியானால் இதுவரை நடத்தியது தொழிலா என்ற கேள்வி எழும். பொருள், சேவை வரியிலும் இதே இரட்டை நிலைதான். மாணவர் செலுத்தும் கட்டணத்துக்கு வரி விலக்கு உண்டு. ஆனால் கல்லூரி அமர்த்தும் காவல், துப்புரவு ஒப்பந்தங்களுக்கு 18 சதவீத வரி உண்டு; அதைத் திரும்பப் பெறவும் வழியில்லை. மேல்நிலைப் பள்ளி வரை இத்தகைய சேவைகளுக்குக் கிடைத்த விலக்கு கல்லூரிகளுக்குக் கிடைக்கவில்லை.

உபரி எங்கே போனது?

இந்த இடத்தில்தான் பொதுமக்களின் நியாயமான கேள்வி வருகிறது. இத்தனை ஆண்டுகள் வசூலித்த பணம் ஓராண்டு நெருக்கடியைக்கூடத் தாங்கப் போதவில்லையா?

தனியார் கல்விக் கட்டணம் குறித்த சட்டப் போராட்டத்தின் தாயகமே கர்நாடகம்தான். நன்கொடைக்கு எதிரான சட்டத்தை அம்மாநிலம் 1984-லேயே இயற்றியது. தும்கூர் மருத்துவக் கல்லூரி ஒன்றில் வெளிமாநில மாணவியிடம் ஆண்டுக்கு 60,000 ரூபாய் கேட்கப்பட்ட விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1992-ல் மோகினி ஜெயின் வழக்குத் தீர்ப்பாக வெளிவந்தது. 2002 அக்டோபர் 31-ல் டி.எம்.ஏ. பை அறக்கட்டளை வழக்கில் 11 நீதிபதிகள் அமர்வு, தனியார் நிறுவனங்கள் தம் வளர்ச்சிக்காக "நியாயமான உபரி" ஈட்டிக்கொள்ளலாம், கொள்ளை லாபம் கூடாது என்று கூறியது. 2005-ல் இனாம்தார் வழக்கிலும் இதுவே உறுதி செய்யப்பட்டது.

நியாயமான உபரி எவ்வளவு என்பதைப் பற்றி இருபது ஆண்டுகளாக வாதம் நடக்கிறது. அந்த உபரி எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. நடைமுறையில் அது நிலமாகவும் கட்டடமாகவும் மாறியது. வைட்ஃபீல்ட் போன்ற இடத்தில் அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. தொழில்நுட்பப் பூங்காவுக்கு அருகில் ஓர் ஏக்கர் என்பது வைப்புத்தொகையைவிட வேகமாக வளரும் சொத்து. ஆனால் மாதக் கடைசியில் ஓர் ஏக்கரைப் பிய்த்துச் சம்பளம் கொடுக்க முடியாது. ஏட்டில் செல்வந்தராகவும் கையில் வறியவராகவும் பல நிர்வாகங்கள் நின்றது இதனால்தான்.

நிர்வாகங்களை மட்டுமே குறை கூறுவதும் பொருந்தாது. அப்போது நடைமுறையில் இருந்த 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி, அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே செலவிட்டாக வேண்டும். தடையின்றிச் சேர்க்கக்கூடியது 15 சதவீதம்தான். அதற்கு மேல் சேர்ப்பதானால் குறிப்பிட்ட நோக்கத்தை எழுதிக் கொடுத்து ஐந்தாண்டுக்குள் செலவிட வேண்டும். கட்டடம் கட்டினால் அது செலவு. மழைக்காலத்துக்கென்று வங்கியில் போட்டு வைத்தால் அது சேமிப்பு. சட்டமே செங்கல்லின் பக்கம் சாய்ந்திருந்தது எனலாம்.

இன்னும் விசித்திரமானது 2021-ம் ஆண்டு நிதிச் சட்டம். ஓர் ஆண்டில் வருமானத்துக்கு மேல் செலவிட்ட அறக்கட்டளை, அந்தப் பற்றாக்குறையை அடுத்த ஆண்டின் உபரியில் ஈடு செய்துகொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் அதுவரை அனுமதித்து வந்தன. 2022-23 மதிப்பீட்டு ஆண்டு முதல் அது கூடாது என்று நிதிச் சட்டம் தடுத்துவிட்டது. கைப்பணத்தைப் போட்டுச் சம்பளம் கொடுத்து 2020-21-ல் பற்றாக்குறையில் முடித்த கல்லூரி, மறு ஆண்டு சற்றே மூச்சு விட்டபோது பழைய பற்றாக்குறையைக் கணக்கில் காட்ட முடியவில்லை. சம்பளத்தை வெட்டி வரவு செலவைச் சமன் செய்த கல்லூரிக்கோ இந்தத் தொல்லையே இல்லை. வரி ஏய்ப்பைத் தடுப்பதே நோக்கம் என்று இதற்கு விளக்கம் கூறலாம். ஆனால் அதற்குத் தேர்ந்தெடுத்த நேரம் வியப்பளிக்கிறது. 2022 அக்டோபர் 19-ல் நியூ நோபிள் கல்விச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம், கல்வி ஒன்றே நோக்கமாக உள்ள நிறுவனத்துக்கு மட்டுமே விலக்கு என்று கூறி இப்பிடியை மேலும் இறுக்கியது. தீர்ப்பு எதிர்காலத்துக்கே பொருந்தும் என்று அறிவித்ததுதான் நிர்வாகங்களுக்குக் கிடைத்த ஆறுதல்.

கட்டணச் சலுகை விஷயத்தில் நீதிமன்றங்கள் பள்ளிகளைப் பற்றியே அதிகம் பேசின. பயன்படுத்தாத வசதிகளுக்காக 15 சதவீதம் குறைக்க வேண்டும் என்று ராஜஸ்தான் பள்ளிகள் வழக்கில் 2021 மே 3-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. பள்ளிக் கட்டணத்தை 30 சதவீதம் குறைத்த கர்நாடக அரசின் உத்தரவும் நீதிமன்றத்தில் நிற்காமல், அதே 15 சதவீதத்தில் வந்து முடிந்தது. தமிழகத்தில், தனியார் கல்வி நிறுவனங்கள் 40 சதவீதத்தை முன்பணமாக வாங்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஜூலை 17-ல் அனுமதித்தது. கல்லூரி மாணவர்களுக்கென்று நாடு தழுவிய அளவுகோல் வரவே இல்லை. எந்த நிர்வாகம் இரங்கியது, எது இரங்கவில்லை என்பது அவரவர் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாயிற்று. நிவாரணத்திலும் இதே கதைதான். 2021 ஜூனில் கர்நாடக அரசு தனியார் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தலா 5,000 ரூபாய் அறிவித்தது. கல்லூரி விரிவுரையாளர் வசதியானவர் என்பது அரசின் கணிப்பு போலும்.

உதவித்தொகையும் ஒரு சுமையே

தலித் மாணவர்களுக்கான உயர்கல்வி உதவித்தொகையில் நேர்ந்த மாற்றத்தையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். பெருந்தொற்றுக்கு முந்தைய சில ஆண்டுகளில் மத்திய அரசின் பங்கு சுருங்கி, பல மாநிலங்கள் கல்லூரிகளுக்கு நிலுவை வைத்திருந்தன. 2020 டிசம்பர் 23-ல் மத்திய அமைச்சரவை ஐந்து ஆண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதில் 60 சதவீதம் மத்திய அரசினுடையது. இது வரவேற்கத்தக்க முடிவு. ஆனால் மத்திய அரசின் பங்கு நேரடியாக மாணவரின் வங்கிக் கணக்குக்கே செல்லும் என்றும் முடிவானது. ஊழலைத் தடுக்க இது உதவும். அதேசமயம், பணம் தாமதமானால் கல்லூரி கேட்கும் இடம் இப்போது அரசு அலுவலகம் அன்று, மாணவரின் வீடு. தந்தை வேலையிழந்த வீட்டில் வந்து சேர்ந்த தொகை கட்டணத்துக்குப் போகுமா, அரிசிக்குப் போகுமா என்று கேட்பது கொடுமை. அந்தத் தர்மசங்கடத்தைச் சட்டம் மாணவரின் தோளில் ஏற்றிவிட்டது.

தமிழகத்தில் 2021-ல் தொழிற்கல்விப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடங்களை ஒதுக்கி, அவர்களின் கட்டணத்தை அரசே ஏற்றது. சமூக நீதி நோக்கில் எடுத்த அந்த முடிவு, இடங்கள் காலியாகக் கிடந்த தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு ஒரு நிச்சய வருவாயாகவும் அமைந்தது என்பது அதிகம் பேசப்படாத பக்கவிளைவு.

மீண்டது எப்படி?

நாடெங்கும் 2020-21-ல் சுமார் 180 தொழிற்கல்வி நிறுவனங்கள் மூடப்பட்டதாகத் தொழில்நுட்பக் கல்வி கவுன்சில் தெரிவித்தது. அதற்கு முந்தைய ஒன்பது ஆண்டுகளில் அதுவே அதிகம். இவை பெருந்தொற்றால் மட்டும் மடிந்தவை என்று கூற முடியாது. பொறியியல் இடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரம்பாமல் நலிந்து கொண்டிருந்தவற்றுக்கு இது கடைசி அடி.

வைட்ஃபீல்ட் வட்டாரத்தை மீட்டது அதன் அண்டைவீட்டார்தான். 2021-ல் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் போட்டி போட்டு ஆளெடுத்தபோது கணினி அறிவியல் இடங்களுக்கான தேவை கூரையைத் தொட்டது. அரசு ஒதுக்கீட்டுக் கட்டணத்துக்கு வரம்பு உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எனவே கணினி அறிவியல், செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் என்று பெயர் மாற்றியும் பிரித்தும் இடங்களைப் பெருக்குவதே நிதி நெருக்கடிக்கு மருந்தாயிற்று. 2024-25 முதல் ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடங்கள்தான் என்ற உச்சவரம்பையும் தொழில்நுட்பக் கல்வி கவுன்சில் நீக்கிவிட்டது. பெங்களூர்க் கல்லூரிகளில் இவ்விடங்கள் பெருகுவது குறித்துக் கர்நாடக உயர்கல்வி அமைச்சர் எம்.சி. சுதாகரே கவலை தெரிவிக்க நேர்ந்தது. கட்டட, இயந்திரப் பொறியியல் துறைகளின் ஆசிரியர்களுக்கு இந்த மீட்சியில் பங்கில்லை. ஆசிரியர் - மாணவர் விகிதம் ஒன்றுக்குப் பதினைந்து என்றிருந்ததை ஒன்றுக்கு இருபது என்று கவுன்சில் 2018-லேயே தளர்த்திவிட்டதால், அவர்களைக் குறைக்க விதிமுறையும் தடையாக இல்லை.

ஒரு கல்லூரியின் வருவாயில் பெரும்பகுதி ஒரே பாடப்பிரிவிலிருந்து வருவது, முன்பு ஒரே பருவத்தில் வந்ததைவிட ஆபத்தானது. 2023 முதல் மென்பொருள் நிறுவனங்கள் புதியவர்களை எடுப்பதில் கை இறுக்கியபோது அதன் சாயல் தென்பட்டது. அடுத்த அடி தொற்றுநோயாகத்தான் வர வேண்டும் என்பதில்லை.

ஆண்டுதோறும் சேர்க்கைக்கு முன் விதான சௌதாவில் அரசும் தனியார் பொறியியல் கல்லூரிகளின் சங்கமும் அமர்ந்து கட்டணத்தைப் பேசி முடிக்கின்றன. 2024-ல் 10 சதவீதம், 2025-ல் 7.5 சதவீதம் உயர்த்த அரசு இசைந்தது. நிலத்துக்கும் கட்டடப் பரப்புக்கும் ஆய்வகத்துக்கும் அளவு வகுத்து அங்கீகாரம் அளிக்கும் தொழில்நுட்பக் கல்வி கவுன்சில், ஆறு மாதச் சம்பளத்தைத் தனிக்கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்ப்பது கடினமான காரியமன்று. அத்தொகையைச் செலவாகவே கருதலாம் என்று நிதியமைச்சகம் ஒரு வரி திருத்தினால் போதும். கட்டண உயர்வுக்கு இசையும்போதே அதில் ஒரு பகுதி இந்தக் கணக்குக்கு என்று மாநில அரசும் நிபந்தனை விதிக்கலாம். பேச்சு மேஜையில் கல்லூரிகளும் அரசும் எதிரெதிரே அமர்கின்றன; 2020-ல் சம்பளம் குறைக்கப்பட்டவர்களுக்கு அங்கே நாற்காலி இல்லை.